முசியே ஆல்பேர் சொன்னா சரி

இட்லிப் பானையின் மூடியைத் திறந்த ஹேமலதா, உள்ளே நான்கு பிஸ்டன்கள் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தி ஓய்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு முன்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னாங்க, இது வேக இன்னும் எத்தினி நேரம் ஆவும்? தொட்டுக்க தேங்கா சட்னியா, காரச் சட்னியா?"

"சோப்புத்தூள் போட்டுக் கொதிக்க வெச்சிருக்கேன் ஹேமா. பத்தே நிமிஷம். கரியெல்லாம் தானா உரிஞ்சிடும்" என்றார் கலியமூர்த்தி.

அவர் முன்னறையில், சோபா இருந்த இடத்தில் குந்தியிருந்தார். சோபா கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் பழைய கோரைப்பாய் மீது, தலை கழற்றப்பட்ட ஒரு டீசல் இன்ஜின் கிடந்தது. டி.வி.க்கு மேலே ஹேமலதாவின் பழைய நூல் சேலையில் சுற்றி, பிறந்த குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி, டர்போ. பெரிய இரும்பு நத்தை போல இருக்கும் அந்தச் சாமானைத் தொட வேண்டுமென்றால் கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று வீட்டில் சட்டம்.

வண்டி வாசலில் நின்றது. எட்டுப் பேர் உட்காரக்கூடிய வெள்ளை டர்போ டீசல் வண்டி. இருபது வருடம் அடுத்தவர் வண்டிக்கு ஸ்டியரிங் பிடித்த கலியமூர்த்தி, முதன்முதலாகத் தன் பெயருக்கு வாங்கிய வண்டி. ஒன்பது வருடத்தில் மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. சென்னை விமான நிலையத்துக்கும் புதுச்சேரி நெல்லித்தோப்புக்கும் இடையே அது போய்வந்த கணக்கைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் புளியமரங்கள்தான் சொல்ல வேண்டும். அப்படி உழைத்த இன்ஜின், போன மாசியிலிருந்து நீலப் புகை கக்க ஆரம்பித்தது. டீசல் குடிக்கிற அளவுக்கு ஆயிலும் குடித்தது. திண்டிவனம் மேம்பாலத்தில் ஒரு மாட்டு வண்டி அதை முந்திக்கொண்டு போன அன்று, கலியமூர்த்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தட்டாஞ்சாவடியில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று ஆவி வந்தது. மூடியை மூடினார்.

"எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

"எதை?"

"இன்ஜினைத்தான். மனசு வந்தா வண்டியையும்."

கலியமூர்த்தி வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போர்வெல்காரர்களிடம் மூன்று சவுக்குக் கழிகளையும் பாரம் தூக்கும் ஒரு செயின் பிளாக்கையும் இரவல் வாங்கினார். கழிகளை முக்காலி மாதிரி நிறுத்திக் கட்டி, தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, ஒற்றை ஆளாக இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தார். அதுவரை ஒரு இன்ஜினையும் அவர் பிரித்ததில்லை. ஓட்டியவருக்கு ஓடுவதன் மர்மமும் தெரியாமலா போகும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

நாளும் அதிகமில்லை. மே இருபத்தொன்பதாம் தேதி வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். தகுதிச் சான்று கிடைத்தால், ஜூன் முதல் தேதியிலிருந்து ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை உறுதி. கிடைக்காவிட்டால் அந்த வேலை அடுத்த வண்டிக்குப் போய்விடும். கலியமூர்த்தி மறுபடியும் யாராவது ஒரு முதலாளியின் சாவிக்குக் கை நீட்ட வேண்டும். அது மட்டும் இனி தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்கு யோசனை சொல்ல வந்தவர் அம்மாவாசை. தெருமுனையில் டூவீலர் பட்டறை வைத்திருப்பவர். கலியமூர்த்தியோடு ஒன்றாகப் படித்து ஒன்றாகவே படிப்பை நிறுத்தியவர்.

"மாப்ள, ஸ்கூட்டருக்கு ஒரு பிஸ்டன், இதுக்கு நாலு. அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

"பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் மட்டும் புதுசு போட்டா போதுமா?"

"தாராளமா! சிலிண்டரை எல்லாம் யாரு தொடுவா?"

அப்படியே செய்தார்கள். பதினோராம் நாள் இன்ஜின் வண்டிக்குள் இறங்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, எலுமிச்சம்பழம் வைத்து, கலியமூர்த்தி சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் இருமியது. தும்மியது. பிறகு புகைந்தது. அது முன்பு விட்ட புகையெல்லாம் ஊதுவத்திப் புகை என்று சொல்லும்படி ஒரு புகை. எதிர்வீடு மறைந்தது. தெருவிளக்குக் கம்பம் மறைந்தது. வாசலில் விளையாடிய குழந்தைகளை அம்மாக்கள் அவசரமாக உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். புகைக்குள்ளிருந்து ஒரு பெரியவரின் குரல் கேட்டது.

"கொசு மருந்து அடிக்கிறவங்க வந்துட்டாங்க! தம்பி, எங்க வீட்டுச் சாக்கடைப் பக்கம் ரெண்டு நிமிஷம் காட்டுப்பா!"

புகை கலைந்ததும் முதலில் தெரிந்த முகம் அஞ்சலாட்சியம்மாளுடையது. எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவர். தலைக்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, அவரு சொல்லச் சொன்னாரு. புகை தாங்கலியாம். ஏதோ வெந்து போற நாத்தம் அடிக்குதாம்."

அவரு என்றால் அவர் கணவர் சுப்பிரமணியன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். முழங்கால் போய்விட்டதால் சொல்தா மாடியை விட்டு இறங்குவதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், காலையில் வண்டி கிளம்பும்போது புகை மாடிக்கு வருகிறது என்று ஜன்னல் வழியாக ஒரு சத்தம் போட்டார். "காத்து வேணும்னா பிரான்ஸுக்கே போயேன்" என்று கலியமூர்த்தி பதிலுக்குக் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. அஞ்சலாட்சியம்மாள் மட்டும் புகார் தூதராக வந்து போவார்.

"ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுங்கம்மா" என்றார் கலியமூர்த்தி. "துப்பாக்கிப் புகையைப் பார்த்தவருக்கு இது ஒரு புகையா?"

அம்மாவாசை அசரவில்லை. "கெட்டியான ஆயில் ஊத்துனா புகை அடங்கிடும் மாப்ள" என்றார்.

கெட்டி ஆயில் ஊற்றினார்கள். இன்ஜின் சுற்றவே மறுத்தது.

"ஹெட்டு சரியா இறுகல. அதான் காத்து லீக் ஆவுது."

ஸ்பேனரில் நான்கடித் தண்ணீர்க் குழாயை மாட்டி, இரண்டு பேருமாகத் தொங்கி இறுக்கினார்கள். 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு போல்ட்டின் தலை மட்டும் தனியாகப் பறந்து ஹேமலதாவின் துளசிச் செடித் தொட்டியில் விழுந்தது. மறுநாள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது, ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது.

"நுரையோட நல்லாத்தான் இருக்கு" என்று குச்சியைப் பார்த்துச் சொன்னாள் ஹேமலதா. "சர்க்கரை எவ்ளோ போடட்டும்?"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் இருந்த ஆறு பேர் ஆறு யோசனை சொன்னார்கள். ஒருவர் பம்ப் பழுது என்றார். ஒருவர் வாஸ்து என்றார். கலியமூர்த்திக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்! நடுத்தெருவில் நின்று, கையில் காபி நிற ஆயில் குச்சியோடு, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"போதும்! இனிமே இந்தத் தெருவுல ஒருத்தன் சொல்றதையும் கேக்க மாட்டேன்! இதைச் செஞ்சவன் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரன் வந்து சொன்னாத்தான் கேப்பேன்!"

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் இருக்கும் நிர்மலாதேவியின் பிரௌசிங் சென்டருக்குப் போனார். நிர்மலாதேவி நாற்பது வயதுக்காரி. மூன்று கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்துக் கடை நடத்தினாள். காலையில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன். பகலில் பென்ஷன்காரர்களுக்குப் பிரான்ஸிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பாள்.

"தங்கச்சி, இன்டர்நெட்ல எவனாவது வெள்ளைக்கார மெக்கானிக் இருப்பானா?"

"இருப்பாங்கண்ணே. அதுக்குன்னே மன்றமெல்லாம் இருக்கு. என்னா கேக்கணும், சொல்லுங்க."

கலியமூர்த்தி நின்றபடியே ஒன்றரை மணி நேரம் சொன்னார். திண்டிவனம் மாட்டு வண்டியில் ஆரம்பித்து, ரிங், புகை, காபி வரைக்கும். பிரித்த எட்டு வால்வுகளும் கலந்துபோகாமல் இருக்க ஹேமலதா அவற்றை இட்லித் தட்டுக் குழிகளில் வரிசையாக வைத்ததைக்கூட விடவில்லை. நிர்மலாதேவி தட்டிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள்.

"அண்ணே, வந்துடுச்சு. பிரெஞ்சுல எழுதியிருக்காரு. நான் தமிழ்ல மாத்திப் பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன். பேரு ஆல்பேர். மரியாதையா முசியே ஆல்பேர்னு சொல்லணும்."

கடிதம் சின்னது. கலியமூர்த்தி அதை வாசலில் நின்று, ஹேமலதாவுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

'ஐயா, நீங்கள் செய்தது வேலை அல்ல, கொலை. எல்லாவற்றையும் கழற்றுங்கள். முதலில் கை கழுவுங்கள். சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கீழே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சிலிண்டர் தேய்ந்துவிட்டது. தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போடுவது, கிழிந்த சட்டைக்குப் புதுப் பொத்தான் வைப்பது. வால்வுகளை இட்லித் தட்டில் வைத்த பெண்மணிக்கு என் வணக்கம். அந்த வீட்டில் மூளை இருப்பது அவருக்குத்தான்.'

"பாத்தியா!" என்றார் கலியமூர்த்தி, முகமெல்லாம் பல்லாக. "எப்படித் திட்றான் பாரு! அக்கறை இருக்கறவன்தான் இப்படித் திட்டுவான்."

"நல்ல மனுஷன்" என்றாள் ஹேமலதா. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் இன்ஜினைப் பார்த்துச் சிரித்தாள்.

கலியமூர்த்தி நகத்தை ஓட்டினார். தடுக்கியது. நான்கு சிலிண்டரிலும் படிக்கட்டு மாதிரித் தடுக்கியது.

அதற்குப் பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார். இன்ஜின் பிளாக்கை மாட்டு வண்டியில் ஏற்றித் தட்டாஞ்சாவடி லேத்துக்குக் கொண்டுபோய், சிலிண்டர்களை உள்ளே கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களோடு திரும்பினார். முறிந்த போல்ட்டை இரண்டு பகல் பொறுமையாகத் துளை போட்டு எடுத்தார். வால்வு ஒவ்வொன்றையும் உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சி வைத்து, மோர் கடைவது போல உருட்டி உருட்டித் தேய்த்தார். ஒரு வால்வுக்கு ஒரு மணி நேரம். டீசல் ஊற்றிப் பார்த்து ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி தேய்ப்பு. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு இப்போது யோசனை சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடிதங்கள் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தன.

'மூன்று ரிங்குகளின் வெட்டுவாயும் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது. பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் பார்க்கட்டும்.'

"பிரான்ஸ்லயும் பங்காளிச் சண்டை உண்டா?" என்று கேட்டாள் ஹேமலதா.

"எங்கதான் இல்ல! நிர்மலா நல்லாத்தான் மாத்தியிருக்கா" என்றார் கலியமூர்த்தி.

'போல்ட்டை இறுக்கக் குழாய் எடுத்தவனின் கையில் இனிமேல் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே, மூன்று சுற்றாக.'

அந்த வரியை அம்மாவாசையிடம் காட்டினார். அம்மாவாசை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னைப் பத்தி பிரான்ஸ் வரைக்கும் பேச்சு அடிபடுதா மாப்ள?" என்றார், ஒரு மாதிரிப் பெருமையாக. பிறகு அவரே தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி பிட்டரைப் பிடித்து டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கி வந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள், பிஸ்டன் ஒன்று உள்ளே இறங்க அடம் பிடித்தது. கலியமூர்த்தி சுத்தியல் எடுத்து இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டுக்கு முன் அஞ்சலாட்சியம்மாள் வாசலில் நின்றார், மூச்சிரைக்க.

"தம்பி, சுத்தி வேணாமாம். அவரால தாங்க முடியல. ஒவ்வொரு அடியும் நெஞ்சுல வுழுவுதுங்கறாரு."

"இரும்புல அடிச்சா இவருக்கு ஏன்மா நெஞ்சு வலிக்குது?"

"எனக்கென்னா தெரியும் தம்பி? காலையிலேர்ந்து சாப்பாடுகூட எறங்கல அவருக்கு."

கிழவியின் முகத்துக்காகச் சுத்தியலைக் கீழே வைத்தார். ரிங்கைச் சுற்றிப் பட்டையை நன்றாக இறுக்கி, கட்டை விரலால் அழுத்தினார். பிஸ்டன் வெண்ணெயில் இறங்கியது போல இறங்கியது.

மே இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டாம் முறையாகச் சாவி திரும்பியது. இன்ஜின் ஒரே பிடியில் எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மாவாசை கைதட்டினார். இன்ஜின் வயிற்றில் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சீரான முனகல். கலியமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டார்.

ஐந்து நிமிடம் ஆனது. முனகலுக்குள் மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. பின்னால், சைலன்சரிலிருந்து, வெண்ணீலப் புகை சுருள் சுருளாக வந்தது. பத்தாவது நிமிடத்தில் சாக்கடைப் பெரியவர் மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டார்.

"மனசை விடாத மாப்ள" என்றார் அம்மாவாசை. "உள்ள பழைய ஆயில் தங்கியிருக்கும். பைபாஸ்ல ஏத்தி அடிவரைக்கும் மிதிச்சு ஒரு வெரட்டு வெரட்டுனா எல்லாம் எரிஞ்சு போயிடும்."

எஃப்.சி.க்கு இன்னும் நாலே நாள். கலியமூர்த்திக்கு முசியே ஆல்பேர் மறந்துபோனார். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். வண்டி தெருமுனையைத் தொடுவதற்குள் புதுச்சேரிக்கே உரிய சிவப்புத் தொப்பி போட்ட ஒரு போலீஸ்காரர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"கலியமூர்த்தி நீங்களா? எறங்குங்க. போன்ல புகார் வந்திருக்கு. வயசானவங்க மூச்சு முட்டிக் கெடக்கறாங்களாம்."

"யார் சொன்னது?"

போலீஸ்காரர் சொல்லவில்லை. ஆனால் அவர் கண் ஒரு நொடி எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குப் போய்வந்தது.

"பாருங்கண்ணே, ஒங்க கஷ்டம் புரியுது. கேஸெல்லாம் வேணாம். புகையை நிறுத்தற வரைக்கும் வண்டி இந்த எடத்தை வுட்டு நகரக் கூடாது. அவ்ளோதான்."

வண்டியைத் தள்ளித்தான் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கலியமூர்த்தி மாடியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹேமலதா அவர் வாயைப் பொத்தினாள். அவள் கையிலும் கிரீஸ் இருந்தது.

"என் பொழப்புல மண்ணு போட்டுட்டான் ஹேமா" என்றார். "சத்தியமா சொல்றேன், நல்லா ஓட ஆரம்பிச்ச இன்ஜினு."

"போய் அந்த முசியேகிட்ட சொல்லுங்க. அவரு வழி சொல்லுவாரு."

விறுவிறுவென்று நடந்து பிரௌசிங் சென்டருக்குப் போனார். வாயைத் திறப்பதற்கு முன் நிர்மலாதேவி ஒரு தாளை நீட்டினாள்.

'டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்ட்டை வாரிப் பூசி அதை அடைத்திருப்பீர்கள். ஆயில் போக வழியில்லாமல் புகையாக வெளியே வருகிறது. ஹோஸ் கிளிப் ஒன்று சரியாக இறுகவில்லை, அதுதான் விசில். இந்த நிலையில் வண்டியை விரட்டினால் ஒரு கிலோமீட்டரில் டர்போ செத்துவிடும். பழுது பார்த்த பிறகு, ஓட்டி நிறுத்தும்போது இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். ஓடிவந்த குதிரையைக்கூட அப்படியே கட்ட மாட்டார்கள்.'

கலியமூர்த்தி இரண்டு முறை படித்தார்.

"தங்கச்சி... நான் இன்னும் விசிலைப் பத்திச் சொல்லவேயில்லியே?"

நிர்மலாதேவி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஏதோ தட்டினாள்.

"அது வந்துண்ணே... போன லெட்டருக்குப் பதில். இப்படி இப்படி ஆவும்னு முன்னாடியே எழுதிட்டாரு."

கலியமூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மனுஷன் இல்ல தங்கச்சி, ஞானி! ஏழு கடல் தாண்டி உக்காந்துக்கினு என் வண்டிக்குள்ள இருக்கறது தெரியுது. எதிர்வீட்டுல இருக்கானே ஒருத்தன், அவனும் பிரான்ஸ் சோறுதான் சாப்பிடறான். போலீஸுக்குப் போன் பண்ணத்தான் தெரியுது."

நிர்மலாதேவிக்கு அப்போது ஏனோ கடுமையான இருமல் வந்தது.

குழாயைக் கழற்றினார்கள். உள்ளே பேஸ்ட் காய்ந்து, சப்போட்டாக் கொட்டை அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பைபாஸுக்குப் போயிருந்தால்? கெட்ட எண்ணத்தில் சொல்தா செய்த காரியம் தனக்கு நல்லதாக முடிந்துவிட்டது என்று சொல்லி, மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டார்.

மூன்றாம் முறை சாவி திரும்பியபோது தெருவே வாசலில் கூடியிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். சைலன்சரின் வாயில் ஒன்றுமே இல்லை. சாக்கடைப் பெரியவர் ஏமாற்றத்தோடு உள்ளே போனார். ஹேமலதா ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பானெட்டின் மேல் வைத்தாள். தண்ணீரில் சின்னச் சின்ன வளையம் விழுந்தது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவள் அந்தத் தண்ணீரை எடுத்துக் கணவரிடம் குடிக்கக் கொடுத்தாள்.

"நீங்க செஞ்சதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கலியமூர்த்தி தண்ணீரைக் குடிக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை எஃப்.சி. சோதனை செய்த அதிகாரி வண்டியின் ஓடிய தூரத்தைப் பார்த்தார். கலியமூர்த்தியைப் பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, தன் வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சருக்கு நேரே பிடித்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதையே மடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பட்டறையில செஞ்சீங்க?"

"வீட்லதான் சார்."

"வீட்லயா? யாரு சொல்லிக் குடுத்தது?"

"பிரான்ஸ்ல ஒரு பெரியவரு சார்" என்றார் கலியமூர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி.

மறுநாள் நிர்மலாதேவியின் கடையில் உட்கார்ந்து நன்றிக் கடிதம் சொன்னார். 'ஐயா, நான் உங்களைப் பார்த்ததில்லை. ஆனால் என் தகப்பனுக்கு அடுத்து என்னைத் திட்டி ஆளாக்கியது நீங்கள்தான்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். நிர்மலாதேவி இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள்.

"அவரு வெலாசத்தைக் குடு தங்கச்சி. நல்ல முந்திரிப் பருப்பா வாங்கி ரெண்டு கிலோ பார்சல் அனுப்பணும். பல்லு நல்லா இருக்குமா அவருக்கு?"

"கேட்டுச் சொல்றேண்ணே" என்றாள் அவள். "பார்சல் செலவு அதிகம் ஆவாதுன்னு நெனக்கிறேன்."

ஜூன் முதல் தேதி, வியாழக்கிழமை. முதல் ஷிப்டை இறக்கிவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கலியமூர்த்தி வீடு திரும்பினார். வாசலில் நிறுத்தி, முசியே ஆல்பேர் சொன்னபடி இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். இறங்கியபோது எதிர்வீட்டு மாடிப்படியில் அஞ்சலாட்சியம்மாள் ஒவ்வொரு படியாக இறங்கி வருவது தெரிந்தது.

கலியமூர்த்திக்குச் சுர்ரென்று ஏறியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"சொல்லுங்கம்மா. புகை இல்ல. சத்தமில்ல. பூனை நடக்கற மாதிரி வந்து நிக்குது வண்டி. இன்னும் என்னா கொறை கண்டுபுடிச்சாரு ஒங்க வூட்டுக்காரரு?"

அஞ்சலாட்சியம்மாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. புதுசா வேலை செஞ்ச வண்டி, ஐந்நூறு கிலோமீட்டர்ல ஒருவாட்டி ஆயிலை மாத்திடணுமாம், மறந்துடப் போறீங்கன்னு காலையிலேர்ந்து ஒரே தவிப்பு அவருக்கு. பட்டாளத்துல இருபத்திரண்டு வருஷம் லாரி இன்ஜினாவே பிரிச்ச மனுஷன், அங்க இருந்த வெள்ளைக்காரங்களுக்கு இவரு பேரு வாய்ல நொழையாம வெச்ச பேருதான் அது. இவரு போன்ல சொல்லச் சொல்ல எழுதிக் குடுக்கற நிர்மலா கடை இன்னிக்குப் பாத்து லீவு, அதான் ஒங்க முசியே ஆல்பேரு என்னையே நேரா அனுப்பிட்டாரு."